கடலா கால்நடையா குழப்பத்துக்கு ஒரு கரியர் கைடன்ஸ் சர்வீஸ் எடுத்தோம், அதோட முழு ரிவ்யூ

ஸ்கூல் முடிக்கப் போற பொண்ணு, ரெண்டு வருஷமா வீட்டுல ஒரே பேச்சு, கடல் உயிரியல் படிக்கவா கால்நடை மருத்துவம் படிக்கவா. காலையில ஒன்னு சொல்லுவா, ராத்திரி படுக்கப் போறப்போ இன்னொன்னு சொல்லுவா. கேக்குறவங்க எல்லாரும் "ரெண்டுமே விலங்கு சம்பந்தப்பட்டதுதானே, எது கிடைக்குதோ அதுல சேரு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, அந்த வார்த்தைதான் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு, ஏன்னா ஒரு பிள்ளை வாழ்க்கையில ஆறேழு வருஷம் போடப் போற விஷயம் இது. அதனாலதான் காசு குடுத்து ஒரு கைடன்ஸ் சர்வீஸ் எடுத்தோம். கொஞ்சம் குறையும் சொல்லப் போறதால சர்வீஸ் பேரு போடல, ஆனா இந்த மாதிரி சர்வீஸ் எடுக்கப் போறவங்களுக்கு எது உதவும் எது உதவாதுன்னு தெரியணும், அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

அவங்க பேக்கேஜ்ல இருந்தது ஒரு ஆன்லைன் டெஸ்ட், கவுன்சிலரோட மூணு செஷன், அப்புறம் ரெண்டு துறையிலயும் வேலை செய்றவங்க கூட ரெண்டு ரெண்டு நாள் நிக்குற ஷேடோயிங்.

டெஸ்ட்டை சீக்கிரம் சொல்லி முடிச்சிடறேன், அதுக்கு ஒரு ஸ்டார் கூட தர மாட்டேன். மொத்தம் 80 கேள்வி, விலங்குகள் பிடிக்குமா, வெளியில போய் வேலை பாக்கப் பிடிக்குமா, அறிவியல் பிடிக்குமான்னு. எல்லாத்துக்கும் பிடிக்கும்னு போட்ட பொண்ணுக்கு ரெண்டு துறையும் பொருத்தம்னு ரிப்போர்ட் வந்துச்சு, அது தெரிஞ்சுதானே நாங்க அங்க போனதே. 14 பக்க ரிப்போர்ட்ல பாதிக்கு மேல எல்லாருக்கும் போடுற அதே வரிகள், ஒரு இடத்துல என் பொண்ணு பேருக்குப் பதிலா வேற ஒரு பிள்ளையோட பேரு இருந்துச்சு. சொன்னதும் மன்னிப்பு கேட்டு மாத்திக் குடுத்தாங்க, ஆனா அந்த ரிப்போர்ட் மேல இருந்த நம்பிக்கை அதோட போச்சு.

ஆனா கவுன்சிலர் மேடம் வேற லெவல். விலங்கியல் படிச்சவங்க, பொறுமையா பேசுனாங்க. முதல் செஷன்ல பொண்ணுகிட்ட கேட்டாங்க, "கரையில ஒரு ஆமை அடிபட்டு ஒதுங்கிக் கிடக்கு. அதைப் பாத்ததும் உன் மனசு எந்தப் பக்கம் ஓடும், இந்த ஆமையைப் பிழைக்க வைக்கணுமேன்னா, இல்ல இந்த வருஷம் ஏன் இத்தனை ஆமை ஒதுங்குதுன்னா?" பொண்ணு யோசிக்காம "ரெண்டும்தான் மேடம்"னா. "ரெண்டும் வரும் கண்ணு, எது முந்திக்கிட்டு வருதுன்னுதான் பாக்கணும், இப்போ பதில் சொல்லாத"ன்னு சொல்லிட்டு ஒரு நோட்டு குடுத்தாங்க. ஷேடோயிங் போற நாலு நாளும் அதுல கேள்வி மட்டும்தான் எழுதணும், பதில் எழுதக்கூடாது, எனக்கு இது பிடிச்சது பிடிக்கலன்னும் எழுதக்கூடாதுன்னு கண்டிஷன். அப்போ அது எனக்கு சின்ன விஷயமா தெரிஞ்சுது. இந்த சர்வீஸ்லயே உருப்படியான விஷயம் அந்த நோட்டுதான்னு பின்னாடிதான் புரிஞ்சுது.

படிப்பு விஷயத்தையும் அதே செஷன்ல தெளிவா பிரிச்சுச் சொன்னாங்க. கால்நடை மருத்துவம் பெரும்பாலான நாடுகள்ல ஸ்கூல் முடிச்சு நேரா அஞ்சுலேர்ந்து ஆறு வருஷம், அமெரிக்கா மாதிரி சில இடத்துல முதல்ல காலேஜ் படிப்பு, அதுக்கு மேல நாலு வருஷம். முடிச்சதும் பதிவு பண்ணி லைசென்ஸ் வாங்குற தொழில் அது, லைசென்ஸ் இல்லாம ஒருத்தர் மருத்துவம் பாக்க முடியாது, அதனால பாதை கஷ்டம்னாலும் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும். கடல் உயிரியல் அப்படி இல்ல. மூணு நாலு வருஷ டிகிரி, அதுக்கு மேல மாஸ்டர்ஸ், சொந்தமா ஆராய்ச்சி நடத்தணும்னா பிஎச்டி, இவ்வளவுக்கு அப்புறமும் வேலைங்கிறது நிறைய இடத்துல ரெண்டு வருஷம் மூணு வருஷம் காண்ட்ராக்ட், கிராண்ட், அதாவது ஆராய்ச்சிக்குக் குடுக்கற நிதி, முடிஞ்சா அடுத்தது தேடணும். மீன்வளத் துறை, மீன் வளர்ப்பு, கட்டுமானத்துக்கு முன்னாடி சுற்றுச்சூழல் பாதிப்பு பாக்குற கன்சல்டன்ஸி, அக்வேரியம், ஆராய்ச்சி நிலையம்னு வேலை பரந்து கிடக்கு, ஆனா எல்லாரும் மனசுல வச்சிருக்கற டால்பின் வேலை ரொம்ப ரொம்பக் கம்மி. மேடம் அதைப் பொண்ணு முகத்தைப் பாத்தே சொன்னாங்க, எனக்கு அது பிடிச்சிருந்தது, ஆசை காட்டி ஏமாத்தல.

அடுத்து கிளினிக் ஷேடோயிங். முதல்ல குடுத்த தேதியில நாங்க கிளம்பி வாசல்ல நிக்கறப்போ கேன்சல்னு மெசேஜ் வந்துச்சு, காரணம்கூட சொல்லல, இது சர்வீஸ்காரங்க தப்பு. மறு வாரம்தான் போக முடிஞ்சுது. நானும் கூட இருக்க அனுமதி குடுத்தாங்க.

காலையில முதல் கேஸே ஒரு பூனை. காய்ச்சல் மாதிரி இருக்குன்னு வீட்டுல இருந்த பாராசிட்டமால் குடுத்துட்டாங்க. மனுஷங்க சாதாரணமா போட்டுக்கற மாத்திரை, பூனை கல்லீரலால அதைக் கழிச்சு வெளியேத்த முடியாது, ரத்தம் ஆக்சிஜன் சுமக்கறதையே நிறுத்திடும். டாக்டர் பூனையோட உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டுனாரு, ரோஸ் கலர்ல இருக்க வேண்டியது சேறு மாதிரி பழுப்பா இருந்துச்சு. கொண்டு வந்த அம்மா அழுதுட்டே இருக்காங்க, டாக்டர் ஒரு கையால ஊசி ரெடி பண்ணிக்கிட்டே அவங்க கூடப் பேசிட்டும் இருக்காரு. அந்த வேலையில பாதி மனுஷங்க கூடத்தான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. மனுஷங்களோட பேச வேண்டாம்னு நெனச்சு கால்நடை மருத்துவம் எடுக்கற பிள்ளைங்க இருந்தா அதை மறந்துடுங்க, ஒவ்வொரு நோயாளி பின்னாடியும் பதறிப் போன ஒரு குடும்பம் நிக்குது.

மத்தியானம் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனாரு. கன்னு போட்டு மூணு வாரம் ஆன கறவை மாடு, தீனி எடுக்கல, பால் குறைஞ்சிடுச்சு. டாக்டர் மாட்டோட இடது விலாவுல ஸ்டெதஸ்கோப்பை வச்சு, பக்கத்துலயே விரலால சுண்டுனாரு, சுண்டிட்டு சிரிச்சாரு. அப்புறம் ஸ்டெதஸ்கோப்பைக் கழட்டி பொண்ணு காதுல மாட்டிவிட்டு "நீ சுண்டும்மா"ன்னாரு. சுண்டுனவ கண்ணு விரிஞ்சு போச்சு. எனக்கும் குடுத்தாங்க. வெண்கலப் பானையைச் சுண்டுனா வர்ற மாதிரி கணீர்னு ஒரு சத்தம், ஒரு மாட்டோட வயித்துக்குள்ளேர்ந்து! மாட்டு இரைப்பையில நாலு அறை, அதுல நாலாவது அறை காத்து நெறஞ்சு பலூன் மாதிரி மிதந்து, இருக்க வேண்டிய இடத்தை விட்டு இடது பக்கம் ஏறி, பெரிய முதல் அறைக்கும் விலா எலும்புக்கும் நடுவுல மாட்டிக்கும். கன்னு போட்ட முதல் மாசத்துல கறவை மாட்டுக்கு அடிக்கடி வர்ற பிரச்சனையாம். ஸ்கேன் இல்ல, எக்ஸ்ரே இல்ல, ஒரு விரலும் ஒரு காதும் போதும். அப்புறம் அந்த இடத்தை மரத்துப் போக வச்சு மாடு நின்னபடியே ஆபரேஷன் பண்ணி அந்த அறையை இழுத்து இடத்துல வச்சுத் தச்சாரு. டாக்டர் கை தோள் வரைக்கும் உள்ள இருந்துச்சு. பொண்ணு ஒரு நொடி கூட மூஞ்சைத் திருப்பல, நான்தான் கொஞ்சம் தள்ளி நின்னேன்.

ரெண்டாவது நாள் மனசுக்கு கனமான நாள். ஒரே காலையில பார்வோ வைரஸ் வந்த நாய்க்குட்டி மூணு, வாந்தி, ரத்தமா பேதி. அதுல ஒன்னு கண்ணைத் திறக்கவே இல்ல. நாய்களுக்கு இந்த நோய் 1978ல உலகம் முழுக்கத் திடீர்னு பரவுனது, பூனைகளுக்கு வர்ற ஒரு வைரஸோட சொந்தக்காரன், மண்ணுல தரையில மாசக்கணக்குல உயிரோட கிடக்கும், தடுப்பூசி ஒழுங்கா போட்டா பெரும்பாலும் வராது. சாயங்காலம் ஒரு வயசான நாயைக் கருணைக்கொலை பண்ண வேண்டி வந்துச்சு, எங்களை உள்ள விடல, அது சரிதான். வெளிய வந்து கை கழுவிட்டு டாக்டர் ரெண்டு நிமிஷம் பேசாம உக்காந்திருந்தாரு. அப்புறம் அவரா சொன்னாரு, பல நாடுகள்ல நடந்த ஆய்வுகள்ல கால்நடை மருத்துவர்கள் தற்கொலை மத்தவங்களை விட அதிகம்னு வந்திருக்கு, இந்தப் படிப்புக்கு வர்றவங்க மனசைப் பாத்துக்கவும் கத்துக்கணும், உதவி கேக்கக் கூச்சப்படக்கூடாதுன்னு. வயசுப் பிள்ளைகிட்ட இதை மறைக்காம, பயமுறுத்தாம சொன்ன அந்த மனுஷனுக்கு நான் கைகூப்பி நன்றி சொன்னேன். இதை எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது.

கடல் பக்கம் வந்தா, இங்கதான் சர்வீஸ்காரங்களோட நான் சண்டையே போட்டேன். அவங்க முதல்ல ஏற்பாடு பண்ணியிருந்தது படகுல போய் திமிங்கலம் பாக்குற டூர். அது சுற்றுலாங்க, வேலை இல்ல. கிளினிக்ல ரத்தமும் சாணியும் காட்டிட்டு கடல்ல சூரிய உதயம் மட்டும் காட்டுனா எந்தப் பிள்ளையும் கடலைத்தான் எடுக்கும், இது நியாயமான ஒப்பீடே இல்லன்னு சொன்னேன், எனக்கு லேப் நாள் வேணும், ஃபீல்டு நாள் வேணும், ஒருத்தர் எக்செல் திறந்து உக்காந்திருக்கறதைப் பொண்ணு பாக்கணும்னேன். மூணு போன் கால் ஆச்சு. கடைசியில ஒரு ஆராய்ச்சிக் குழுவோட ரெண்டு நாள் வாங்கிக் குடுத்தாங்க.

ஃபீல்டு நாள் விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பம், ஏன்னா வேலை நேரத்தை முடிவு பண்றது கடல் தண்ணி வத்தி உள்வாங்கற நேரம், நம்ம கடிகாரம் இல்ல. பாறைக் கரையில அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்னை வச்சு, உள்ள இருக்கற ஒவ்வொரு உயிரையும் எண்ணணும். பொண்ணு நல்லா நெறைய கொட்டலசு (பாறையில ஒட்டிக்கிட்டே வாழுற ஓடுள்ள சின்ன உயிர்) ஒட்டியிருந்த ஒரு பாறையில சட்டத்தை வைக்கப் போனா, எங்களைக் கூட்டிட்டுப் போன ஆராய்ச்சியாளர் அக்கா தடுத்துட்டாங்க. "நமக்குப் பிடிச்ச இடத்துல வச்சா நம்ம ஆசையைத்தான் எண்ணுவோம்டா, கரையை எண்ண மாட்டோம்"னு சொல்லி, முன்னாடியே எழுதி வச்ச ராண்டம் நம்பர் காட்டுன இடத்துலதான் வைக்க விட்டாங்க. அங்க வெறும் வழுக்கப் பாறை, ரெண்டு நத்தை. ரெண்டுன்னு எழுதுனாங்க. சில சட்டத்துல பூஜ்யம், அதையும் அதே அக்கறையோட எழுதுனாங்க. நாலு மணி நேரம் குனிஞ்சே நின்னு முதுகு விட்டுப் போச்சு, தண்ணி திரும்ப ஏற ஆரம்பிச்சதும் எல்லாத்தையும் அள்ளிட்டு ஓடி வரணும்.

லேப் நாள் இன்னும் நிதானம். மிதவை உயிரிகளை, அதாவது கடல் தண்ணியில மிதந்துக்கிட்டே வாழுற சின்னச் சின்ன உயிர்களை எண்ற நாள் அது. ஒரு மில்லி தண்ணி மட்டும் பிடிக்கிற கண்ணாடித் தட்டு, மைக்ராஸ்கோப்புக்குக் கீழ, கையில ஒரு கிளிக்கர். முதல்ல உயிரோட இருக்கற ஒரு சொட்டைக் காட்டுனாங்க, அரிசியை விடச் சின்ன, இறால் இனத்துக்குச் சொந்தமான கோப்பிபாட் எல்லாம் சுண்டி விட்ட மாதிரி துள்ளுது, பொண்ணு "ஐயோ அழகு"ன்னா. அதுக்கப்புறம் பதப்படுத்தி வச்ச சாம்பிள், துள்ளல் எதுவும் இல்ல, எண்ணிக்கை மட்டும்தான், டிக் டிக் டிக்னு மதியம் வரைக்கும். இன்னொரு மேஜையில மீனோட காதுக்கல்லை அறுத்துத் தேச்சு வளையம் எண்ணிட்டு இருந்தாங்க, மரத்துக்கு இருக்கற மாதிரியே வருஷ வளையம் அதுல இருக்கு, மீனோட வயசு அப்படித்தான் தெரியுமாம். அப்புறம் முழு சாயங்காலமும் கம்ப்யூட்டர், ஆர் (R)ங்கிற கம்ப்யூட்டர் மொழியில கிராஃப் போடுறது. அந்த அக்கா ஒளிக்காம சொன்னாங்க, கடல்ல இருக்கற ஒவ்வொரு நாளுக்கும் ஸ்கிரீன் முன்னாடி பல நாள், கணக்கும் புள்ளியியலும் வராதுன்னா இந்தத் துறை ரொம்பக் கஷ்டப்படுத்தும்னு.

அவங்க சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ராத்திரி தூங்கப் போனப்பவும் மனசுல நின்னுச்சு. 1931லேர்ந்து சாதாரண சரக்குக் கப்பல்களுக்குப் பின்னாடி ஒரு கருவியைக் கட்டி இழுத்துட்டுப் போறாங்க, உள்ள ஒரு பட்டுத்துணி சுருள் மெதுவா சுத்திக்கிட்டே மிதவை உயிரிகளைப் பிடிச்சுச் சேக்கும். அலிஸ்டர் ஹார்டி (Hardy)ன்னு ஒரு கடல் உயிரியலாளர் வடிவமைச்சது, இன்னிக்கும் இங்கிலாந்துல பிளிமத்ல இருக்கற கடல் உயிரியல் சங்கத்துக்காரங்க நடத்துறாங்க. கடல் சூடாக சூடாக எந்த உயிர் வடக்கு நோக்கி நகந்துச்சுன்னு அதை வச்சுத்தான் காட்ட முடிஞ்சுது. அந்தப் பட்டுத்துணியை முதல்ல எண்ணுனவங்க யாரும் இந்த முடிவைப் பாத்திருக்க மாட்டாங்க, இருந்தும் ஒழுங்கா எண்ணி வச்சுட்டுப் போயிருக்காங்க.

மூணாவது செஷன்தான் முக்கியம். மேடம் நோட்டை வாங்கி, பொண்ணு முன்னாடியே ஒவ்வொரு கேள்வியா சத்தமா படிச்சாங்க. மொத்தம் 43 கேள்வி. எனக்கு ஆச்சரியம் என்னன்னா, கிளினிக்ல எழுதுன கேள்விகள்தான் பேசுச்சு. பூனைக்கு என்ன டோஸ், தையல் எத்தனை நாள்ல பிரிப்பாங்கங்கிற மாதிரி கேள்வி மூணே மூணு. மிச்சமெல்லாம், மூணு நாய்க்குட்டியும் ஒரே ஏரியாவா? போன மாசம் எத்தனை வந்துச்சு? தடுப்பூசி போட்ட தெருவுல வரலையா? பண்ணையில எத்தனை மாட்டுக்கு இப்படி ஆச்சு, தீனி மாத்துன பிறகா? ஆபரேஷனை அவ்ளோ ஆசையா பாத்த பிள்ளை, எழுதுனது பூராவும் ஒரு விலங்கைப் பத்தி இல்ல, மொத்தக் கூட்டத்தைப் பத்தி. ரெண்டு வருஷமா அவ கூடவே இருக்கேன், இது எனக்குத் தெரியல.

நான் அப்போ கடல் உயிரியல்தான்னு முடிவு கட்டிட்டேன், ஆனா மேடம் என்னையும் நிறுத்துனாங்க. கூட்டத்தைப் பாக்குற வேலை கால்நடை மருத்துவத்துக்குள்ளயும் இருக்கு, நோய்ப் பரவல் இயல்னு தனித் துறையே இருக்கு, மாட்டு வெக்கை (ரிண்டர்பெஸ்ட்) நோயை 2011ல உலகத்தை விட்டே ஒழிச்சாச்சுன்னு அறிவிச்சதுக்குப் பின்னாடி அந்த மாதிரி ஆட்களோட உழைப்பும் இருக்கு, பெரியம்மைக்கு அப்புறம் மனுஷன் ஒழிச்ச ரெண்டாவது நோய் அது. அதே மாதிரி கடல் பக்கத்துலயும் ஒரு உயிரை வைத்தியம் பாக்குறவங்க இருக்காங்க, மீனுக்கு மயக்க மருந்தைத் தண்ணியில கரைச்சு, செவுள்ல அந்தத் தண்ணியை ஓட விட்டுக்கிட்டே ஆபரேஷன் பண்றாங்க. 1988ல ஐரோப்பாவோட வடகடல் ஓரம் சீல்கள் பத்தாயிரத்துக்கும் மேல செத்து ஒதுங்குனப்போ ரெண்டு பக்கத்து ஆட்களும் சேந்துதான் காரணம் தேடுனாங்க, கடைசியில நாய்களுக்கு வர்ற டிஸ்டெம்பர் வைரஸோட நெருங்குன சொந்தம் ஒன்னு மாட்டுச்சு, மாட்டு வெக்கையும் மனுஷனோட தட்டம்மையும் கூட அதே குடும்பம்தானாம். இதைக் கேட்டதும் பொண்ணு நிமிந்து உக்காந்தா. "இதுல எண்ணுனது யாரு மேடம், மருந்து பாத்தது யாரு?"ன்னு கேட்டா. மேடம் சிரிச்சுட்டு 44ன்னு நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

ஒரு வாரம் எடுத்துக்கிட்டு அவளே முடிவு சொன்னா, கடல் உயிரியல், கடல் விலங்குகளோட நோய் பக்கமா போகணும்னு ஆசை. வேலை நிரந்தரம் விஷயத்துல எனக்குக் கவலை இல்லாம இல்ல, அதை மேடம்கிட்டயும் சொன்னேன். புள்ளியியலும் கோடிங்கும் நல்லா வந்துட்டா கடலைத் தாண்டியும் வேலை இருக்கும்னு சொன்னாங்க, அது எனக்குச் சரியா பட்டுது. இப்போ தினமும் ஒரு மணி நேரம் புள்ளியியல் உக்காந்து படிக்கிறா, யாரும் சொல்லாமலே.

ஸ்டார் குடுக்கணும்னா, டெஸ்ட்டுக்கு பூஜ்யம், ஏற்பாடு பண்ற விதத்துக்கு ரெண்டு, ஷேடோயிங்குக்கு நாலரை, கவுன்சிலருக்கு அஞ்சுக்கு அஞ்சு. சம்பளம், வேலை வாய்ப்பு பத்தி அவங்க குடுத்த பக்கம் ரொம்ப மேலோட்டம், அதை நீங்களே துறையில இருக்கறவங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கறது நல்லது. இந்த மாதிரி சர்வீஸ் எடுக்கப் போறவங்க பணம் கட்டறதுக்கு முன்னாடியே கடல் பக்கம் லேப் நாள் உண்டான்னு எழுத்துல வாங்கிடுங்க, படகு டூர்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. டெஸ்ட் இல்லாம செஷன் மட்டும் எடுக்கலாமான்னு கேளுங்க, நாங்க கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களாம், யாரும் சொல்லல. சில பேரு ஷேடோயிங் முடிஞ்சதும் போதும்னு மூணாவது செஷனை விட்டுடறாங்களாம், அதை மட்டும் செய்யாதீங்க, நோட்டைப் பிரிச்சுப் படிக்கறது அன்னிக்குத்தான்.